அட்ஜஸ்ட்

2024 டிசம்பர் 24. நெய்வேலியில் முதல் ஷிஃப்ட் முடித்தவர்களுடன் சுரங்கத்து பஸ் டவுன்ஷிப்புக்குத் திரும்புகிறது. சன்னலோரம் சந்தியாகு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மற்றவர்கள் ஷிஃப்டை அவர் பார்ப்பார். கிறிஸ்துமஸுக்கு அவருடையதை அவர்கள் பார்ப்பார்கள். இந்த வழக்கத்துக்கு அட்ஜஸ்ட் என்று பெயர். இரண்டு பேர் சீட்டில் மூன்றாவதாக ஒடுங்குவதற்கும் அதே சொல்தான். அப்படி ஒடுங்கியிருக்கும் பாலகுமார் அவர் தோளைத் தொடுகிறான். "அண்ணே, நாளைக்கு செகண்ட் ஷிஃப்ட் உங்க பேர்லயே வுட்டுட்டேன். அண்ணி இருந்தவரைக்கும் சரி, இப்ப வூட்ல தனியாத்தான இருக்கீங்க? நான் மாமியார் வூட்டுக்குக் கிளம்பிக்கினு இருக்கேன்."

"ஜெனிஷா வருதுப்பா. சாயந்திரம் வந்துட்டு ராத்திரி பஸ்ஸுக்கே போயிடும். செகண்ட் ஷிஃப்ட் முடியவே ராத்திரி பத்தாயிடுமே."

"ஐயோ, சொல்லவேயில்லியே! டிக்கெட்டு எடுத்துட்டேனே. நம்ம பொண்ணுதான, அட்ஜஸ்ட் பண்ணிக்கும்ணே."

"சரிப்பா" என்கிறார் சந்தியாகு. கண்ணாடியில் படிந்த கரித்தூளை விரலால் துடைக்கிறார். துடைத்த இடத்தின் வழியே வெயில் மடியில் விழுகிறது. போனில் மகளிடம் சொல்கிறார். "பரவால்லப்பா, அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்" என்கிறாள் அவள்.

மறுநாள் சந்தியாகு இரண்டாம் ஷிஃப்டுக்குப் போனார். ஜெனிஷா வரவில்லை.