மூச்சு விடாத மோட்டார்

வெலிங்டனிலிருந்து கோவை ரயிலடிக்குப் போன பட்டாளத்து லாரி, பெரியநாயக்கன்பாளையத்தில் டீ குடிக்க நின்றது. பிறகு கிளம்பவில்லை. பட்டனை எத்தனை தடவை அழுத்தியும் ஸ்டார்ட்டர் மோட்டார் மூச்சே விடவில்லை.

"தள்ளி உடலாமுங்களா?" வேட்டியை மடித்துக் கட்டியது வேடிக்கை பார்த்த கூட்டம்.

"மிலிட்டரி வண்டி. யாரும் தொடக் கூடாது!" என்றார் சுபேதார் சந்தியாகு.

மெக்கானிக் ஆறுச்சாமி அடியில் படுத்துப் பார்த்தார். "மோட்டாரை எறக்கோணுங்க. ரெண்டு மணி நேரமாகும்."

டிரைவர் சிவன்ராஜ் முகம் மலர்ந்தான். சாயங்காலம் ரயிலேறினால் காஷ்மீர். மாமனார் வீடோ அடுத்த வீதி. பிறந்து இருபது நாளான மகளை அவன் இன்னும் பார்க்கவில்லை.

"ஓடிப் போய்ப் பார்த்துட்டு வா," என்றார் சுபேதார்.

எதிர்க்கடை செல்லாத்தாளுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏனுங்க ஆறுச்சாமி, நீங்க டீ குடிச்சா மோட்டாரு தானா எறங்கிருமுங்களா?"

சட்டையெல்லாம் குழந்தைப் பவுடரோடு திரும்பிய சிவன்ராஜை ஆறுச்சாமி ஓரமாக இழுத்தார். "ஸ்டார்ட்டர் ஒயரை நீயே கழட்டிப்போட்டு என்ன நடிப்பு கண்ணு! நானும் காட்டிக் குடுக்கலை. நட்டைக் குடு, மாட்டிப்போடறேன்."

"நானா? சத்தியமா இல்லீங்க!"

பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. சுபேதாரின் உள்ளங்கையில் நட்டு இருந்தது.

"லீவு கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. வண்டியை நிறுத்தத்தான் தெரியும்."

சிவன்ராஜ் விறைப்பாக நிமிர்ந்தான். சல்யூட் அடித்த கை இறங்கவேயில்லை.

"போதும்டா. குழந்தை யார் சாடை?" என்று கேட்டபடி வண்டியில் ஏறினார் சுபேதார்.