செல்வதாஸ் கேட்ட பிடி

"இன்னைக்கு வேற ஒரு பிடி சொல்லித் தரணும், மக்களே" என்று ஷைஜாவிடம் சொன்னார் செல்வதாஸ், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே.

இனிமேல் வர வேண்டாம் என்று இன்றைக்கு அவரிடம் சொல்லிவிடுவதாகக் காலையிலேயே அவள் முடிவெடுத்திருந்தாள். எப்படித் தொடங்குவது என்பதுதான் தெரியவில்லை.

கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது அவளுடைய பிசியோதெரபி அறை. அங்கே எண்ணெய் கிடையாது, அமுக்கல் கிடையாது, நெட்டி முறிப்பதும் கிடையாது. வலிக்கிற கையை அடியில் தாங்கிப் பிடித்து, தொட்டிலை ஆட்டுவதுபோல மெல்ல ஆட்டுவாள். வந்தவர் கையின் கனம் முழுவதையும் அவளிடம் விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். வருஷக்கணக்கில் இறுகிக் கிடந்த சதை கொஞ்சம் கொஞ்சமாக இளகிவிடும். ஆனால் எண்ணெய் விட்டுப் புரட்டி எடுத்தால்தான் வைத்தியம் என்று நம்புகிற ஊரில் இது எடுபடுமா? வந்தவர்களில் பாதிப் பேர், சும்மா தொட்டுவிட்டு விடுகிறாள் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள்.

செல்வதாஸ் மட்டும் ஆறு வாரமாக வருகிறார். வாழைக்குலை வியாபாரி, அறுபதை நெருங்கும் வயது. இராஜாக்கமங்கலத்திலிருந்து பஸ் மாறி பஸ் ஏறி வருவார். வலது தோளில் தீராத வலி என்றார். குலை சுமந்த தோள்தானே என்று அவளும் முதலில் நம்பிவிட்டாள். பிறகுதான் ஒவ்வொன்றாக உறுத்தத் தொடங்கியது. படியேறுவதற்கு முன் தெருவின் இரண்டு பக்கமும் பார்ப்பார். போன் நம்பர் தர மாட்டார். கையை எங்கே தாங்குகிறாள், எவ்வளவு நேரம் ஆட்டுகிறாள் என்று தூண்டித் துருவிக் கேட்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, இறுக்கமென்பதே இல்லாத தோள் அது. அவள் கையில் அவர் கை விழுகிற விதமே அதைச் சொல்லிவிட்டது.

வலியில்லாத ஆண் வாராவாரம் வந்து ஒரு பெண்ணைத் தொடச் சொன்னால் என்ன அர்த்தம்? தனியாக அறை நடத்துகிறவளுக்கு அந்த மாதிரி ஆட்களைத் தெரியாமல் இல்லை. இதற்கு முன் இரண்டு பேரைப் படியிறக்கி விட்டிருக்கிறாள். அப்பா வயதுள்ள இவரும் அந்த ரகம்தானா?

"உங்களுக்கு நோவே கிடையாது அண்ணாச்சி" என்றாள். "எதுக்கு வாறீங்க? உள்ளதச் சொல்லுங்க. இல்லன்னா இந்தப் படி இனி ஏறாதீங்க."

செல்வதாஸ் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நோவு எனக்கில்ல. எனக்க வீட்டுக்காரிக்கு."

பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். மனைவி ராகேல் இருபத்திரண்டு வருஷம் அண்டியாபீசில் குந்தியிருந்து முந்திரிக்கொட்டை உடைத்தவள். வலது கையைத் தூக்கித் தலைசீவ முடியாமல் போய் மூன்று வருஷமாகிறது. அவர்களுடைய சபையில் மருந்து கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது, கை வைத்து ஜெபிப்பது மட்டும்தான். உயிரே போனாலும் ராகேல் இந்தப் படி ஏற மாட்டாள். அதனால்தான் தனக்கு வலி என்று பொய் சொல்லி, ஷைஜாவின் பிடிகளைத் தன் தோளிலேயே படித்துக்கொண்டு போயிருக்கிறார். வீட்டில் தினமும் ஜெபம் செய்துகொண்டே மனைவியின் கையைத் தாங்கி மெல்ல ஆட்டியிருக்கிறார். அவளும் அதை ஜெபம் என்றே நினைத்திருக்கிறாள்.

"இப்பம் தலை சீவுதாங்களா?"

"சீவி, பின்னியும் போடுதா."

ஷைஜாவுக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனிதரைப் போய் எப்படியெல்லாம் நினைத்துவிட்டோம் என்று மனசு அடித்துக்கொண்டது. கூடவே சந்தோஷமாகவும் இருந்தது.

"கொள்ளாமே அண்ணாச்சி, நல்ல காரியம்தான. பேரு ஜெபத்துக்குப் போனா போகட்டு. நோவு போச்சுல்லா?"

செல்வதாஸ் சிரிக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ராகேல் சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னாளாம், தன் கணவன் கையில் கர்த்தர் சுகமாக்கும் வரத்தைத் தந்திருக்கிறார் என்று. வீட்டுக்கு வந்ததும் அந்தக் கையை எடுத்துத் தன் இடது மார்பில் வைத்திருக்கிறாள். உள்ளே நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. எட்டு மாதமாக இருக்கிறதாம்.

"சபை வெலக்கினா வெலக்கட்டு, ஆசுபத்திரிக்குப் போவோம்னு அவளுக்க கால்ல விழுந்தேன். தோள சுகமாக்கின கை இதையும் கரைக்கும்னு சொல்லுதா. வரமெல்லாம் கெடையாது, கருங்கல்ல ஒரு பிள்ளைகிட்ட படிச்சதாக்கும்னு உள்ளதையும் சொல்லிட்டேன். விசுவாசம் இல்லாம பேசாதீங்கன்னு எனக்க வாயப் பொத்துதா."

தான் வந்து பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள் ஷைஜா. அவர் தலையை அசைத்தார். வாசலிலேயே ஏற்ற மாட்டாள் என்றார்.

அவர் வந்ததும் வராததுமாக வேறு பிடி கேட்டது அப்போதுதான் ஷைஜாவுக்கு நினைவுக்கு வந்தது.

"கட்டியக் கரைக்கதுக்கு எனக்கிட்ட எந்தப் பிடியும் இல்ல அண்ணாச்சி. யாருகிட்டயும் இல்ல."

"அது எனக்குத் தெரியும் மக்களே."

செல்வதாஸ் தன் வலது கையை அவள் முன்னால் நீட்டினார்.

"இந்தக் கையில ஒண்ணும் இல்லன்னு அவளுக்குத் தெரியணும். போன நோவு திரும்பி வாறதுக்கு, அந்தத் தோள எப்படிப் பிடிக்கணும்?"