நடுப்பக்க ஆறு

பகடையை உருட்டிக் கற்பனைப் பாத்திரங்களாகக் கதைக்குள் பயணம் போகும் விளையாட்டுக்காரர்களுக்கென்றே வரும் அந்த மாதப் பத்திரிகை புது வடிவத்துக்கு மாறியதும், ஆசிரியை சண்பகவல்லியின் மேசையில் கடிதங்கள் குவிந்தன. எழுத்து பொடியாகிவிட்டது என்றார்கள். அட்டை கல்யாணப் பத்திரிகை மாதிரி வழவழக்கிறது என்றார்கள். ஒரு கடிதம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. "நடுப்பக்க வரைபடத்தில் ஆற்றுக்குக் குறுக்கே இரண்டு பாலங்கள் இருந்தனவே, எங்கே? எங்கள் ஆட்டத்தின் பாத்திரங்கள் ஐந்து பேரும் மூன்று வாரமாக இக்கரையிலேயே நிற்கிறார்கள். அவர்களில் வைத்தியச்சிக்குக் காய்ச்சல் வேறு."

"நான் பாலமே வரையலையே மேடம்," என்றார் வடிவமைப்பாளர் இன்பராஜ். பழைய இதழை விரித்துப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "நடு மடிப்புல இருந்த ரெண்டு ஸ்டேப்ளர் பின்னைச் சொல்றாங்க மேடம். இப்பதான் பசை போட்டு ஒட்டிடறோமே."

சண்பகவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. இன்பராஜ் போனதும் புது இதழை விரித்து, இரண்டு பக்கமும் சேரும் மடிப்பை வளைந்து கடந்து ஓடிய ஆற்றின் குறுக்கே ஒரு பின்னைக் கையாலேயே குத்தி இறக்கினாள். மறுமுனை அவள் விரலில் ஏறியது. ஒரு துளி ரத்தம் தண்ணீரில் கலப்பதுபோல நீல மையில் பரவிக் கரைந்தது. அந்த இதழை அவள் யாருக்கும் அனுப்பவில்லை. அது மேசையிலேயே விரிந்து கிடந்தது.

நாலாம் நாள் அதே கையெழுத்தில் இன்னொரு கடிதம் வந்தது.

"பாலம் கிடைத்தது, கடந்துவிட்டோம். நடுப்பாலத்தில் விரலில் ரத்தத்தோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். வைத்தியச்சி பச்சிலை வைத்துக் கட்டிவிட்டாள். எங்களோடு வருகிறாயா என்று கேட்டோம். இன்னும் பதில் சொல்லவில்லை. காத்திருக்கிறோம்."