மூச்சு விட்ட கோலம்

"பொண்ணு பாக்க இன்னும் பதினஞ்சு நிமிஷத்துல வந்துடுவாங்க. இன்னா ராணி, இன்னும் கோலம் போடலியா?" வாசலில் நின்று கத்தினார் சிவப்பிரகாசம்.

"பாகூர்லேர்ந்து அரியூருக்கு வரதுக்குள்ள போட்டுட மாட்டேனா? சும்மா இருங்க," என்றாள் விஜயராணி.

உள்ளே பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள் மகள் சுகன்யா. வேதியியல் ஆராய்ச்சிப் படிப்புக்குச் சென்னையில் இடம் கிடைத்திருந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் படிப்பு கிடையாது என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பா முன்னால் அவளுக்கு வாய் திறக்கவே வராது.

கார் வந்து நின்றது. கூடவே அம்மாவின் அலறல்.

ஓடிப்போய்ப் பார்த்தாள். ஈர வாசலில் கோலம் உஸ்ஸென்று நுரைத்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா, கீழே வைத்த காலை மறுபடி காருக்குள் இழுத்துக்கொண்டார்.

"இன்னாது இது, கோலம் கொதிக்குது!"

"அம்மன் மூச்சு வுடுறாப்பா!" எதிர்வீட்டுக் கண்ணையன் கற்பூரமும் தீப்பெட்டியுமாக ஓடிவந்தார்.

"கொளுத்தாதீங்க மாமா!"

சுகன்யாவின் குரலைத் தெரு அன்றுதான் கேட்டது.

"பத்திக்கும்! அது சோதனை பண்ண நான் வாங்கி வெச்சிருந்த கால்சியம் ஹைட்ரைடு. தண்ணி பட்டா ஹைட்ரஜன் வரும். அந்த கேஸ்ல வண்டியே ஓட்டலாம் மாமா. கடைசில வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும்..."

"வூட்டுக்குள்ளயே வெடிமருந்து வெச்சிருக்கிற பொண்ணா?" மாப்பிள்ளையின் அம்மா கார்க்கதவைச் சாத்தினார். "வண்டிய எடுடா!"

கார் வந்த வழியே போய்விட்டது.

"கோலப்பொடிக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாதாடி உனக்கு? கண்ணு எங்க போச்சு?" சிவப்பிரகாசம் குதித்தார்.

"வெள்ளையா இருந்துச்சு, எடுத்துட்டேன்," என்றாள் விஜயராணி. தலை நிமிரவே இல்லை.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போன பிறகு, சுகன்யா தோட்டத்துப் பக்கம் போனாள். அம்மா குழாயடியில் விரல்களை அலசிக்கொண்டிருந்தாள். நுனியெல்லாம் சிவந்திருந்தது.

"பாட்டில் மேல தமிழ்லயே பெருசா எழுதி ஒட்டியிருந்தேனேம்மா, தண்ணி படக்கூடாதுன்னு. நீ படிக்கலியா?"

அம்மா தெருப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"படிச்சேன்டி. அதான் இன்னும் ரெண்டு குடம் சேத்துத் தெளிச்சேன்."