தெர்மாகோல் வீடு

கூரியரில் வந்த பெட்டியைத் திறந்ததும் அது யார் கைவேலை என்று ஷோபனாவுக்குத் தெரிந்துவிட்டது. மேஜைமேல் ஆடும் போர் விளையாட்டுக்காகக் கட்டைவிரல் உயரப் பொம்மை வீரர்களுக்கு வண்ணம் தீட்டுவதும், அவர்களுக்குத் தெர்மாகோலில் மலையும் கோட்டையும் செய்வதும் அவள் கணவன் தயாளனின் பித்து. அவனுடைய அடி தாங்காமல்தான் ஊர் மாறி வந்து தோழி ரெஜினாவின் வீட்டில் ஒளிந்திருந்தாள். முகவரி அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

பெட்டிக்குள் அந்த வீடே தெர்மாகோலில் இருந்தது. மாடியில் துணிக்கொடி, விரிசல் விட்ட தண்ணீர்த் தொட்டி, போன வாரம் ரெஜினா வாசலில் வைத்த செம்பருத்திச் செடி, எதையும் அவன் விடவில்லை.

"எவ்வளவு அழகா செஞ்சிருக்காங்க. யாருடி அனுப்பினது?" என்றாள் ரெஜினா.

ஷோபனா வீட்டை வெளியே எடுத்துவிட்டுப் பெட்டியின் அடியில் பார்த்தாள். பொம்மைகள் ஆடாமல் இருக்க ஸ்பாஞ்சில் இரண்டு குழிகள் வெட்டியிருந்தான். ஒன்றில் அவளே பொம்மையாகப் படுத்திருந்தாள், தன் பச்சை நைட்டியில். சற்றுப் பெரிய மற்றொரு குழி காலியாக இருந்தது. அந்தப் பொம்மையைத் தேடித் தெர்மாகோல் வீட்டைத் திருப்பினாள். அதன் கொல்லைக் கதவு திறந்திருந்தது. அதற்குள், அடுப்படியில், கட்டைவிரல் உயரத்தில் தயாளன் நின்றிருந்தான்.

"கொல்லைக் கதவைச் சாத்தினியா?"

"இல்லையே. குப்பை கொட்டிட்டு அப்படியே வந்துட்டேன்."

ரெஜினா அடுப்படிப் பக்கம் போக எழுந்தாள். ஷோபனா அவள் கையை இறுகப் பற்றி, செருப்புக்கூடப் போடாமல், வாசலுக்கு இழுத்தாள்.