மேஜர் அத்தானின் கவிதைப் பாடம்

சாப்பாட்டு மேசைமேல் சாயங்கால வெயில் கிடக்கிறது. ராணுவத்தில் மேஜராக இருக்கும் அத்தான் நாளைய இலக்கியப் பட்டப் பரீட்சைக்குப் படிக்கிறார். தேறினால்தான் பதவி உயர்வு. கணவனைப் போருக்கு அனுப்பிய ஒருத்தியைப் பற்றிய கவிதையை அவர் வரைபடமாகவே ஆக்கிவிட்டார். வீட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம், ஆற்றங்கரையில் நீல அம்பு. "வழியெல்லாம் புரியுது. எதிரி எங்கன்னுதான் தெரியல. இவ ஏன் விளக்கை அணைக்க மாட்டேங்கிறா?" என்கிறார். அவருடைய சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கும் அக்கா சிரிக்கிறாள். "ஒரு பட்டாளத்தையே மேய்க்கிறீங்க, ஒரு பொம்பளை மனசு பிடிபடலையா? நீங்க எல்லையில இருந்தப்ப நான் எப்படி இருந்தேனோ, அதை எழுதுங்க. பாஸாயிடுவீங்க." அத்தான் பேனாவைத் திறக்கிறார். முனை காகிதத்தின்மேல் அசையாமல் நிற்கிறது. "எப்படி இருந்தே?" என்று கேட்கிறார். அக்காவின் கை நின்றுவிடுகிறது. சிரிப்பு மட்டும் இன்னும் முகத்தில் இருக்கிறது. அதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.