பிடி

வைக்கோல் கட்டும் இயந்திரத்தில் ஊசிக்கும் அழுத்தும் பலகைக்கும் டைமிங் தவறிவிட்டது. அதைச் சரிசெய்ய மெக்கானிக் சவரிமுத்து தோள்வரை கையை உள்ளே விட்டிருந்தார். இறுகிய வைக்கோல் பலகையைத் திருப்பித் தள்ளினால் கை போய்விடும். “ஒரு நிமிஷ வேலைக்கு முட்டுக்கட்டை எதுக்குண்ணே? நீங்களே புடிங்க” என்றிருந்தார். வெளியே மாசிலாமணி, பலகை நகராதபடி அதை ஓட்டும் பெரிய சக்கரத்தை நெஞ்சோடு அணைத்து நின்றார்.

மழை பிடித்துக்கொண்டது. அவர் மனைவி தெய்வானை தார்ப்பாயோடு வயலில் தனியாக ஓடினாள்.

“வைக்கோல் பூரா நனையுது! அதென்ன சின்னவீடா? கொஞ்சுனது போதும், ஓடியாங்க!”

“விட்டுடாதீங்கண்ணே, இன்னும் ஒரு பல்லு தள்ளி மாட்டணும், அவ்ளோதான்” என்றார் சவரிமுத்து.

ஈரத்தில் சக்கரம் மெல்ல நழுவத் தொடங்கியது. கையை எடுக்கச் சொல்லிக் கத்த வேண்டும். கத்துவதற்கு மூச்சை விட்டால் பிடி தளர்ந்துவிடும்.